'கீப் இட் அப்': யாரிடம் சொல்லலாம், எப்படி எழுதலாம்

பள்ளிக்கூட நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'குட், கீப் இட் அப்' என்று எழுதித் தந்த நாளிலிருந்தே இது நமக்குப் பழக்கம். பொருளும் தெரியும். ஆனால் ஆபீஸ் மெயிலில் நாமே எழுதப் போனால்தான் தடுமாறுகிறோம்.

முதலில் சொல்வரிசை. 'இட்' நடுவில்தான் நிற்கும், 'கீப் அப் இட்' என்று எழுதவே கூடாது. 'இட்'டுக்குப் பதிலாக என்ன வேலை என்று சொல்ல வந்தால் வழக்கமாக அது கடைசிக்குப் போய்விடும்: 'கீப் அப் த குட் வொர்க்'. இதில் 'வொர்க்ஸ்' என்று எஸ் சேர்க்காதீர்கள், சேர்த்தால் தர்ம காரியம் என்கிற வாடை வந்துவிடும்.

அடுத்து, எப்போது சொல்வது. போன பரீட்சையில் 35 எடுத்த பையன் இந்த முறை 62 எடுத்திருக்கிறான் என்றால் 'யு ஆர் டூயிங் வெல், கீப் இட் அப்' சரி, ஏனென்றால் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை விடாதே என்றுதான் அதற்கு அர்த்தம். டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது தடவையும் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டு வாடிப்போய் வருகிற தம்பியிடம் இதையே சொன்னால், இப்படியே ஊன்றிக்கொண்டிரு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், பாவம். அவனுக்குச் சொல்ல வேண்டியது 'கீப் அட் இட்', அதாவது விடாமல் முயற்சி பண்ணு.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது மரியாதை விஷயத்தில். தமிழில் 'இப்படியே செய்யுங்கள்' என்றால் அந்த '-ங்கள்' கொஞ்சம் காப்பாற்றும், ஆங்கிலத்தில் அது கிடையாது. மேனேஜருக்கு 'கீப் அப் த குட் வொர்க், சார்' என்று எழுதுவது, தாத்தாவின் முதுகில் பேரன் தட்டிக்கொடுத்துச் சபாஷ் சொல்வது போலத்தான் படும். அவர் செய்த உதவியைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள்: 'தேங்க் யு ஃபார் செக்கிங் மை ரிப்போர்ட், இட் ரியலி ஹெல்ப்டு'. உங்களுக்குச் சமமானவர்களுக்கும் இளையவர்களுக்கும் 'கீப் இட் அப்' தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்று, இதே தொடரில் திட்டவும் செய்வார்கள். 'கீப் இட் அப் அண்ட் யு வில் பி இன் ட்ரபிள்' என்று யாராவது சொன்னால் தேங்க்ஸ் சொல்லிவிடாதீர்கள், 'இப்படியே பண்ணிக்கிட்டு இரு, அப்புறம் தெரியும்' என்று வீட்டில் அம்மா சொல்வாரே, அதேதான்.