புது நூற்புழு என்று பெயர் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து 1992-இல் ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனம் விவரிக்கப்பட்டது. 1994-இல் ஹவாயில் ஹெட்டரோராப்டைடிஸ் ஹவாயென்சிஸ் என்று இன்னொன்று வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது. பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்களில் இப்படி இரட்டைப் பெயர் விழுவது புதிதல்ல.

முதல் சறுக்கல், மண்ணிலுள்ள நூற்புழுவைப் பிடிக்க இரை வைக்கும் பொறியிலேயே நடக்கிறது. மண்ணில் வைத்த மெழுகு அந்துப்பூச்சிப் புழு செத்தால், அதிலிருந்து வரும் நூற்புழுதான் கொன்றது என்று எடுத்துக்கொள்கிறோம். அழுகும் உடலைத் தேடி அக்ரோபெலாய்டிஸ் போன்ற சாதாரண மண் நூற்புழுக்களும் வரும். வெளிவந்த இளம்புழுக்களை 0.1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கழுவி, ஆரோக்கியமான அந்துப்பூச்சிப் புழுக்கள் மேல் விடுங்கள். அவற்றைக் கொன்று, உள்ளே பெருகி, மீண்டும் வெளியே வந்தால்தான் மேற்கொண்டு போகலாம். செத்த உடல் செங்கல் சிவப்பானால் ஹெட்டரோராப்டைடிஸ், காவியோ பழுப்போ ஆனால் ஸ்டைனர்னீமா என்ற இன்னொரு பேரினம் என்று ஊகிக்கலாம். கறுத்து நாறினால் சந்தேகப்படுங்கள்.

அதிகம் கெடுவது அளவெடுப்பில். ஒரே உடலிலிருந்து முதல் சில நாட்களில் வரும் இளம்புழுக்கள் நீளமாக இருக்கும். இரை தீர்ந்தபின் வருபவை குட்டை. கடைசி அறுவடையை அளந்து, புத்தகத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டால் இல்லாத புது இனம் ஒன்று பிறந்துவிடும். அறுவடை நாளைக் குறித்து, ஒவ்வொரு நிலையிலும் 20 புழுக்களாவது அளக்க வேண்டும். ஸ்டைனர்னீமாவில் முதல் தலைமுறை ஆண் பெரியது, இரண்டாம் தலைமுறை ஆண் சிறியது. ஸ்பிக்யூல் எனும் ஆணின் இணைசேர்க்கை உறுப்பின் அளவும் மாறும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். உயிரோடு குளிர்ந்த ஃபார்மலினில் போட்டால் உடல் முறுக்கிக்கொள்ளும். 60 டிகிரி வெந்நீரில் கொன்று பிறகு போடுங்கள். ஃபார்மலின் டி.என்.ஏ-வைக் கெடுக்கும் என்பதால், சில புழுக்களை முன்பே 95% எத்தனாலில் எடுத்து வையுங்கள்.

இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ பகுதியின் வரிசை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஒரே புழுவுக்குள்ளேயே அதன் பிரதிகள் வேறுபடலாம். 28எஸ் மரபணுவின் டி2-டி3 பகுதியும் வேண்டும். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு. இனத்தை முதலில் விவரிக்கப் பயன்பட்ட மூல வகை மாதிரியின் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒரே இனமா என்று இணைசேர்த்துப் பார்க்கும் கலப்புச் சோதனையில் ஹெட்டரோராப்டைடிஸ் எளிதில் ஏமாற்றும். முதல் தலைமுறை இருபாலி, அதாவது ஒரே உடலில் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆண் இல்லாமலே குட்டி போடும். இரண்டாம் தலைமுறைப் பெண்களை இணைசேரும் முன்பே தனியே பிரித்து, ஆண் இல்லாத தட்டு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

இந்தியாவில் கிடைத்ததென்றால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி சான்று மாதிரிகளை, அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும்.