குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா? சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

சாதாரண சளியாகத்தான் தொடங்கும். மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சு கர்கர் என்னும், குழந்தை பாலை விட்டுவிட்டு அழும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. 2 வயதுக்குள் வரும் பிராங்கியோலைட்டிஸ் பெரும்பாலும் இப்படித்தான். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் முக்கியக் காரணம். நுரையீரலின் சின்னஞ்சிறு குழாய்கள் வீங்கி, சளி அடைத்துக்கொள்ளும். 3 முதல் 5 நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறையும்.

கர்கர் சத்தம் பல நேரம் மூக்குச் சளியிலிருந்து வருவது. சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

1. மூச்சை எண்ணுங்கள்

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். லைட்டைப் போட்டு, சட்டையை மேலே தூக்கி, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்று வையுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். கைக்குழந்தைகள் சில விநாடி நிறுத்தி, அப்புறம் வேகமாக மூச்சு விடும். அதனால் முழு 60 விநாடி எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வேகமூச்சு என்று சொல்லும் அளவு: 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இருந்தாலும் மூச்சு கூடும். காய்ச்சல் தணிந்த பிறகு இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் என்றால் அதற்கும் காத்திருக்கக் கூடாது.

2. குழி விழுகிறதா?

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே போகிறதா, கழுத்துக் குழி ஆழமாகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டால் டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

3. மூக்கைத் திறந்துவிட்டுப் பால் கொடுங்கள்

மூக்கு அடைத்திருந்தால் குழந்தையால் பாலைச் சப்பவே முடியாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் துவாரத்துக்கு இரண்டு சொட்டு விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, சிறுநீரும் குறைந்துவிட்டது என்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில். டிராப்ஸும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல, ஒன்றின் அளவை மற்றதற்கு வைத்துவிடாதீர்கள். 3 மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம்.

4. இவை வேண்டாம்

பாட்டி அக்கறையோடுதான் சொல்வார், ஆனாலும் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். கற்பூரம் கலந்த எண்ணெய் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய குழாயை இன்னும் எரிச்சலாக்கும். வெந்நீர் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக்கொண்ட குழந்தைகள் ஏராளம். 1 வயதுக்குள் தேன் கூடாது. இருமல் சிரப்பை 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை வற்புறுத்தவும் தேவையில்லை.

5. உடனே 108

உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், வழக்கமான சில விநாடி இடைவெளியைத் தாண்டி மூச்சு நின்று நின்று வந்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், எதுவுமே குடிக்க முடியாவிட்டால் தாமதிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108 இலவசம். வண்டி வரும்வரை தலையைச் சற்று உயர்த்தி மடியில் வைத்திருங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள். எத்தனை மணிக்கு எண்ணினீர்கள், எத்தனை வந்தது, கடைசியாக எப்போது பால் குடித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும்.

வீடு திரும்பிய பிறகும் இருமல் இரண்டு, மூன்று வாரம் இருக்கலாம். பால் நன்றாகக் குடித்து, மூச்சும் சீராக இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.