பழைய போர்வீரர் பொம்மைகளின் பெயின்டை உரித்தெடுத்தேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகள் கிடைத்தன. பாதி ஈயக் கலவை, பாதி பிளாஸ்டிக். அக்ரிலிக் பெயின்ட் அப்பி, முகமே தெரியவில்லை.

முதலில் இரண்டையும் பிரித்து வைத்தேன். பெயின்டைக் கரைக்கும் அசிட்டோனை உலோகம் தாங்கும். பிளாஸ்டிக்கில் அது பட்டால் பொம்மையே கரைந்துவிடலாம். அதனால் பிளாஸ்டிக்குக்கு டெட்டால், தண்ணீர் கலக்காமல். மூடி போட்ட ஜாடியில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கையுறை மாட்டிக்கொண்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது.

உடனே குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பட்டதும் டெட்டால் பாலாகி, இளகிய பெயின்ட் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எடுப்பது பெரும்பாடு. முதலில் புது டெட்டாலிலேயே அலசி, பிறகுதான் சோப்பும் தண்ணீரும். வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது, அம்மா சும்மா விடவில்லை. வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஈய பொம்மைகளை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் விஷம். மடிப்புகளில் மிஞ்சியதைப் பல்குச்சியால் நோண்டினேன். அதற்கும் வராத துளித்துளி கறையை விட்டுவிட்டேன், அடிப்பூச்சான பிரைமர் பூசினால் தெரியாது.