பேண்டு போட்டாச்சா? இனிமேல் களியை முழுங்க முடியாது

நம் பக்கம் களி தின்கிற முறை எல்லாருக்கும் தெரியும். உருண்டையில் ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, பல்லில் படாமல் உள்ளே தள்ளுவோம். மென்று தின்றால் வீட்டில் பெரியவர்கள் சிரிப்பார்கள். உடம்பைக் குறைக்க இரைப்பையில் பேண்டு போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ தருமபுரி, கிருஷ்ணகிரிக்குத் திரும்புகிறவர்கள் முதலில் விடவேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற டயட் தாளில் ஓட்ஸ் இருக்கும், சூப் இருக்கும், களியைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

காரணம் எளிது. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே மிஞ்சுவது 15 முதல் 30 மில்லி கொள்கிற சின்னப் பை, அதற்குக் கீழே போகிற வழி குறுகல். மெல்லாத கவளம் அங்கேயே நின்றுவிடும். (இப்போது நிறைய பேர் செய்துகொள்வது ஸ்லீவ் ஆபரேஷன், அதில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள், அதன் கணக்கு வேறு. உங்களுக்கு எது நடந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

ஊருக்குக் காரில் வரும்போது நடுவில் நிறுத்தி இறங்கி நடங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம், ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றிய வாயுவின் வேலை அது, சில நாளில் போய்விடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை, சாதாரணமாக ஒரு மாதத்துக்கு மேல், தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை பக்கம் போகாதீர்கள்.

சாப்பாடு பொதுவாக இப்படிப் போகும்: முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மெத்தென்றிருப்பது, ஆறு வாரம் போல ஆனபிறகு கெட்டியானது. உங்கள் டாக்டர் நாள் கணக்கை மாற்றிச் சொன்னால் அதையே பிடியுங்கள். நீராகார வாரங்களில் வடிகட்டிய கொள்ளு ரசம், பருப்புத் தண்ணீர், மோர், நீர்க்க வடித்த ராகிக் கஞ்சி எல்லாம் ஆகும், ஆனால் ஒவ்வொரு மடக்காக. மசித்த சாப்பாட்டுக்குக் கொள்ளுக் கடைசலைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை, நைசாகக் கடைந்து காரத்தைக் குறைத்துவிடுங்கள். அப்புறம் முட்டை, முள் எடுத்த குழம்பு மீன். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான், அதனால் தட்டில் இருப்பதில் முட்டை, மீன், பருப்பை முதலில் சாப்பிட்டுவிட்டு இடம் இருந்தால் சோறு. ஒகேனக்கலிலும் கே.ஆர்.பி. அணையிலும் மொறுமொறுவென்று வறுத்துக் கொடுக்கிற மீன், பரோட்டா, நார்நாரான மட்டன் துண்டு இவையெல்லாம் சிக்கிக்கொள்கிற ரகம். களி எனக்குக் கேட்டால் பல மாதம் வேண்டாம், ஒட்டுகிற பண்டம்.

சிக்கினால் தெரியும்: நெஞ்சில் அடைக்கும், வாயில் கொழகொழவென்று எச்சில் ஊறும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அது மேலே ஏறித்தான் வரும். எழுந்து மெதுவாக நடங்கள், தானாக இறங்கியதும் அன்று முழுக்க நீராகாரம். சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமும் தண்ணீர் வேண்டாம், சோடா, கலர் எப்போதுமே வேண்டாம்.

மாம்பழ சீசன்தான் பெரிய சோதனை. கெட்டியான சாப்பாட்டை வளையம் தடுக்கும், ஜூஸையும் மில்க்‌ஷேக்கையும் ஐஸ்கிரீமையும் தடுக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். 'ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல, ஆனா எடை குறையல' என்பவர்களைக் கொஞ்சம் விசாரித்தால் ஃபிரிட்ஜில் மாம்பழ ஜூஸ் இருக்கும். ஒரு துண்டு பழத்தை மென்று சாப்பிடுங்கள், போதும்.

சுமார் ஆறு வாரத்தில் வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கிற போர்ட்டில் (வளையத்தோடு குழாயால் இணைத்த சின்ன வில்லை) ஊசி வழியாக உப்புநீர் ஏற்றி வளையத்தை இறுக்குவார்கள். தூரமாக இருக்கிறதே என்று இதைத் தள்ளிப் போடுகிறவர்களுக்குப் பேண்டு இருந்தும் பலனில்லை. ராத்திரி படுத்தால் இருமல், புளித்த ஏப்பம், அடிக்கடி வாந்தி என்றால் இறுக்கம் அதிகம், கொஞ்சம் நீரை எடுக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய அளவைத் தொடராமல் டாக்டரிடம் கேளுங்கள், சாப்பாடு குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையும் கூடாது. தண்ணீர்கூட இறங்கவில்லை, காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஒரு கால் மட்டும் வீக்கம், மலம் கருப்பாகப் போகிறது என்றால் காலைவரை பொறுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக 'பேண்டு போட்டிருக்கு' என்று சொல்லி ஆபரேஷன் சீட்டைக் காட்டுங்கள்.