மதுரைக்கு வருமுன் கஞ்சா எண்ணெய்ப் புட்டியை வீட்டில் வைத்துவிடுங்கள்

டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மருத்துவர் தீராத நரம்பு வலிக்குக் கஞ்சா எண்ணெய் எழுதித் தந்திருக்கலாம். கனடா 2001இலேயே மருத்துவத்துக்கு வழி திறந்தது. பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் சிறப்பு மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டு மதுரை விமான நிலையத்தில் வெறும் தாள். சுங்க அதிகாரியிடம் அதை நீட்டினால், பையில் இருப்பது கஞ்சாதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் ‘மருத்துவ, அறிவியல் தேவை’ என்றொரு விலக்கு உண்டு. அதைப் பாதி படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் பலர். அந்த விலக்கு அரசின் உரிமமோ அனுமதியோ பெற்றவருக்கானது. விடுமுறைக்கு வரும் நோயாளிக்கானது அல்ல. நாட்டுக்குள் கொண்டுவருவது தனிக் குற்றம். ‘சிறிய அளவு’ என்றாலே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சாவுக்கு அந்த வரம்பு ஒரு கிலோ. கஞ்சாச் செடியின் பிசினுக்கு (சரஸ்) 100 கிராம்தான். கலவைப் பொருளானால் உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் அல்ல, மொத்த எடையையும் கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கரையும் ஜெலட்டினுமாக இருக்கும் கஞ்சா மிட்டாய்ப் பெட்டிகளைத் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால் வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும்.

‘காசியில் பாங்கு கடையிலேயே விற்கிறார்களே’ என்பார் ஊரில் ஒரு சித்தப்பா. கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கைச் சொல்கிறார். உண்மைதான். மத்தியச் சட்டத்தின் கஞ்சா வரையறையில் பூ சேராத தனி இலை வராது. ஆனால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் விடவில்லை. கருப்பசாமிக்குச் சுருட்டோடு கஞ்சாவும் படைத்த ஊர்தான் இது. படையல் வழக்கம் நீதிமன்றத்தில் எடுபடாது. சித்த, ஆயுர்வேத முறைகளில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டு என்பதும் மெய். அவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உண்ண வேண்டிய நச்சுச் சரக்குப் பட்டியலில் வருபவை. உரிமம் பெற்ற தயாரிப்பைப் பதிவு பெற்ற மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். மாசி வீதியில் யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்ததை வாங்காதீர்கள்.

வலியோடு எப்படி இருப்பது? பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உங்கள் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். கடைசி வாரத்தில் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும். மாற்று மருந்திலும் கவனம் தேவை. டிராமடால் என்ற வலி மருந்து 2018 முதல் இதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். இவற்றைச் சொந்தத் தேவைக்கு 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை. மூல வேதிப் பெயரும் அளவும் உள்ள கடிதத்தோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். கடும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படுவோருக்கு அந்தச் சட்டத்தின் 2014 திருத்தம் விதிகளைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறது. மதுரையின் பெரிய மருத்துவமனைகளில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

சிங்கப்பூர் வழியாக மதுரைக்கு வருவோரும் உண்டு. சிங்கப்பூரின் கடுமை ஊரறிந்தது. அங்கே விமானம் மாறுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பெட்டி கட்டும் இரவில் கைப்பையின் பக்கப் பைகளைக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். போன கோடையில் போட்டு மறந்த ஒற்றை மிட்டாய் அங்கேதான் கிடக்கும்.