முதல் கம்பி விளிம்பில் வழுக்குகிறதா? அரத்தைத் தொடுவதற்கு முன்

கிட்டாரில் மிக மெல்லிய முதல் கம்பியை அழுத்தி இழுத்து விடும்போது அது ஃப்ரெட்போர்டை (விரலால் அழுத்தும் பலகையை) தாண்டிச் சரிந்து, சுருதி சட்டென்று செத்துப்போகும். பைலா வாசிப்பவர்களும் கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவர்களும் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. உடனே பலரும் ஃப்ரெட் (அந்தப் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) முனைகளில்தான் பிழை என்று முடிவெடுத்து அரத்தை எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பிறகு ஃப்ரெட்டையே மாற்ற வேண்டிவரும்.

ஃப்ரெட் முனை கையைக் கீறுவது வேறு பிரச்சினை. கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் கிட்டார் தொங்கினால், மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கும். உலோகம் சுருங்காது, அதனால் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். கிட்டாரை ஏசி இல்லாத அறைக்கு மாற்றி, ஒன்றிரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மரம் ஈரத்தை உறிஞ்சி விரிய, முனைகள் உள்ளே போய்விடும். பொறுமையில்லாமல் சாய்வாக ராவினால் கம்பி நிற்கக்கூடிய மேல்பரப்பு இரண்டு பக்கமும் குறையும். வழக்கமான சாய்வு நிமிர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 35 பாகை. அதற்கு மேல் சாய்த்தால், சரியாக ஓடும் கம்பிகூட வழுக்கத் தொடங்கும்.

முதலில் ஒரு மில்லிமீற்றர் அடிமட்டத்தை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், மிகத் தடித்த ஆறாவது கம்பியின் பக்க இடைவெளியையும் அளவுங்கள். முதல் கம்பியின் பக்கம் 2 மி.மீ., ஆறாவதின் பக்கம் 5 மி.மீ. என்று வந்தால் ஃப்ரெட் குற்றவாளி இல்லை. நெக் (கிட்டாரின் கழுத்து) திரும்பியிருக்கிறது, அல்லது பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) விலகியிருக்கிறது. ஃபெண்டர் வகை கிட்டார்களில் நெக் பின்னாலிருந்து நான்கு ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஆணிகளை அரைச் சுற்று மட்டும் கழற்றி, தலைப்பகுதியை ஆறாவது கம்பியின் பக்கம் மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்குங்கள். முறுக்கு இருக்கும்போதே ஆணியை முழுவதும் கழற்றுவதும், வெறியோடு இறுக்கி மரத்துளையைக் கெடுப்பதும் இங்கே நடக்கும் இரண்டு பெரிய தவறுகள். நெக் ஒட்டப்பட்ட கிட்டாரில் இந்த வேலை சரிவராது.

முதல் ஃப்ரெட்டிலேயே கம்பி விளிம்போடு ஒட்டி நின்றால் நட்டைப் பாருங்கள்; தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் வெட்டுகள் உள்ள சிறு துண்டு அது. பல எலக்ட்ரிக் கிட்டார்களில் நட் அகலம் ஏறத்தாழ 42 மி.மீ., முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் இடையில் 35 மி.மீ.; அதாவது இரு பக்கமும் மூன்றரை மி.மீ. மிஞ்ச வேண்டும். மலிவான நட்டுகளில் வெட்டு வெளியே தள்ளியிருக்கும். வெட்டுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டிய புது நட்தான் தீர்வு.

பிரிட்ஜ் மாற்றியவர்கள் அகலத்தை ஒப்பிடாமல் விடுகிறார்கள். பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் வகை பிரிட்ஜில் கம்பிகள் 56 மி.மீ. அளவுக்கு விரியும், புது வகை பலவற்றில் 52 மி.மீ. ஒடுங்கிய நெக்கில் அகன்றதைப் பூட்டினால் இரண்டு ஓரக் கம்பிகளும் விளிம்புக்கு வந்துவிடும்.

தடித்த கம்பி போடுவதால் கம்பியின் பாதை மாறாது. வாசிப்பையும் கவனியுங்கள்: புல்-ஆஃப் (அழுத்திய விரலை இழுத்தெடுத்தே கம்பியை ஒலிக்கவைப்பது) செய்யும்போது விரலை நேரே கீழே இழுத்தால் ஒழுங்கான கிட்டாரிலும் கம்பி சரியும்.

திருத்தக் கொடுப்பதாயின், எடுத்த அளவுகளை ஒரு துண்டில் எழுதிக் கம்பிகளுக்கிடையில் செருகி, “என்னைக் கேட்காமல் ஃப்ரெட்டை ராவ வேண்டாம்” என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.