பிரஷர் மாத்திரை: மிச்சம் பிடிக்கிற இடத்தில் நடக்கும் தவறுகள்

மாதச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றதும் பிரஷர்காரர்கள் முதலில் கை வைப்பது மாத்திரையின் எண்ணிக்கையில்தான். நாள் விட்டு நாள் போடுவது, தலை சுற்றினால் மட்டும் போடுவது, சம்பளம் வரும்வரை நிறுத்தி வைப்பது என்று வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். குறைக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, விலையை. அதே மருந்து, அதே மில்லிகிராம், வேறு கம்பெனிப் பெயரில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது.

"நாலு நாள் போடல, ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் பெரும்பாலும் அம்லோடிபின் சாப்பிடுபவர்கள். அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்தியதும் உடனே ஏறாது, மெல்ல ஏறும். ஏறுவதும் உடம்புக்குத் தெரியாது. இதே தைரியத்தை அட்டெனலால், மெட்டோபுரோலால், குளோனிடின் மூன்றிலும் காட்டக் கூடாது. திடீரென நிறுத்தினால் படபடப்பு வரும், பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே எகிறும். இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அட்டையில் உள்ள சின்ன எழுத்து

ஒரு அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலோ கீழோ பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர்: டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. என்பது போல. கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்துகளில்தான் தவறு நடக்கிறது. 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் கூடவே அம்லோடிபின் இருக்கிறது. 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் மாத்திரை. வெறும் 40 வாங்க வேண்டியவர் 40 ஹெச் வாங்கிப்போய், மே மாத வெயிலில் தள்ளாடி உட்காருவது இப்படித்தான்.

இன்னொன்று, 'எஸ் அம்லோடிபின்'. இதில் 2.5 மி.கி. என்பது சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து "அதே 5 குடுங்க" என்று மாற்றி வாங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். ஒரே ஆளுக்கு சிஎம்சி ஃபைல் ஒன்று, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, தெருமுனை டாக்டர் எழுதிய துண்டு ஒன்று இருக்கும். முட்டிவலிக்குப் போன இடத்திலும் பிரஷர் பார்த்து மாத்திரை எழுதிவிடுவார்கள். பழைய அம்லோடிபினும் ஓடும், புதுக் கூட்டு மாத்திரைக்குள் இருக்கும் அம்லோடிபினும் சேர்ந்து ஓடும். அதனால் கணுக்கால் வீங்கியதும் "கிட்னி போச்சோ" என்று பயந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். எங்கே போனாலும் சாப்பிடுகிற அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது. சீட்டைவிட அட்டை நம்பகமானது, கையெழுத்துப் பிரச்சினையும் இல்லை.

விலையைக் கணக்குப் போடுவது

அட்டைக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஒன்றில் 10 மாத்திரை, ஒன்றில் 15, ஒன்றில் 30. மாத்திரை ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 15 உள்ள அட்டை 180 ரூபாய் என்றால் ஒன்று 12 ரூபாய், மாதம் 360. அதே மருந்து 10 உள்ள அட்டை 30 ரூபாய்க்குக் கிடைத்தால் மாதம் 90.

மலிவாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மத்திய அரசின் மக்கள் மருந்தகம், அதாவது ஜன் ஔஷதி. அதன் 'சுகம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் விலையும் பக்கத்துக் கடையும் வரும். இன்னொன்று, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க 1000 கடைகளுடன் தொடங்கிய முதல்வர் மருந்தகம். இரண்டிலும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வர வாய்ப்பு. மருந்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டரிடமே "மருந்து பேர்ல எழுதிக் குடுங்க சார்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. மாற்றிய பிறகு இரண்டு வாரம் பிரஷர் பார்த்துக் குறித்து வைத்தால் மனக்குறையும் தீரும்.

பெரிய மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்துப் போடுவது இன்னொரு சிக்கனம். நடுவில் கோடு போட்ட அம்லோடிபின் 10 மி.கி.யை டாக்டர் சொன்னால் உடைக்கலாம். எக்ஸ்எல், எஸ்ஆர், ஈஆர் என்று போட்டவை மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தாலோ மென்றாலோ நாள் முழுக்க வர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை இழுக்கும். உடைத்த மீதிப் பாதியை டப்பாவில் வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஏழு குழி உள்ள பெட்டியில் உரித்துப் போட்டு வைப்பதும் கூடாது. போடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பெட்டி வேண்டுமென்றால் அட்டையோடு சேர்த்துக் கத்தரித்துப் போடுங்கள்.

வீட்டுக்கே வரும் மாத்திரை

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் மாதாமாதம் வீட்டில் கொடுக்கிறார்கள். "ஓசி மாத்திரைதானே" என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, கடன் வாங்கிக் கடையில் வாங்குவது வீண் செலவு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் அனுப்புகிறது. மொத்தக் கொள்முதல் என்பதால் மலிவு. அட்டையில் பளபளப்பு இல்லை என்பதற்காக மருந்து மட்டம் என்று ஆகிவிடாது.

இதைவிட ஆபத்து, இரண்டையும் சேர்த்துப் போடுவது. காலையில் கடை மாத்திரை, ராத்திரி 'கவர்மெண்டு மாத்திரை' என்று போடுபவர்கள் இரண்டு அட்டையின் பொடி எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயராக இருந்தால் ஒன்றுதான் போட வேண்டும், எது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

தோல் ஃபேக்டரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள், தன்னார்வலர் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அதனால் மாத்திரை நின்றுபோகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய் பிரிவில் நேராகப் போய் வாங்கலாம், பழைய சீட்டைக் கொண்டுபோக வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டையை நம்பி இருப்பதில் பயனில்லை. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு, மாத மாத்திரைக்கு அல்ல.

அளப்பதிலும் சாப்பாட்டிலும்

பஸ்ஸை விட்டு இறங்கி, மாடி ஏறி, டீ குடித்த கையோடு பார்த்தால் 160 காட்டத்தான் செய்யும். அதை நம்பி மாத்திரை கூடும், செலவும் கூடும். டீ, பீடி, சிகரெட் விட்டு அரை மணி ஆக வேண்டும். சிறுநீர் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஏழு நாள் பார்த்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் அது 135/85க்குக் கீழே இருப்பது பொதுவான அளவுகோல். மணிக்கட்டில் கட்டும் மெஷினுக்குப் பதில் மேல் கையில் கட்டுவதையே வாங்கலாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தண்ணீரோடு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

உப்பைக் குறைக்கிறேன் என்று 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அதில் இருப்பது பொட்டாசியம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் சாப்பிடுபவர்களுக்கு, அதுவும் கிட்னி பழுதுள்ளவர்களுக்கு, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். உப்பு உண்மையில் உள்ளே போவது ஊறுகாய், கருவாடு, அப்பளம், கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய் வழியாகத்தான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் பிரஷரையும் ஏற்றும், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் கிட்னியையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி தாண்டும். பெரும்பாலான அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். பைக் பெட்டி, டிவி மேல், ஜன்னல் விளிம்பு மூன்றும் மாத்திரைக்கு ஆகாத இடம். வாந்தி பேதி வந்து தண்ணீர் வற்றிய நாளில் சிறுநீர் மாத்திரையையும் டெல்மிசார்டனையும் போடலாமா என்று டாக்டரிடம் அன்றே கேட்க வேண்டும். ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் நிறையப் பேர். ஒரு வேளை மாத்திரையை சஹருக்கா இஃப்தாருக்கா மாற்றுவது என்று நோன்புக்கு ஒரு வாரம் முன்பே பேசிக்கொள்ளலாம்.

மெஷினில் 180 பார்த்ததும் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடுவதும், நிஃபிடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கின் கீழ் விடுவதும் பழைய பழக்கம். பிரஷர் சட்டென்று விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையும். உட்கார்ந்து சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இறங்காவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 180/120க்கு மேல் இருந்து நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் இழுப்பு ஏதாவது இருந்தால் 108.

முடி கொட்டுகிறது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. அட்டெனலால், மெட்டோபுரோலால் சிலருக்கு முடியை உதிர்க்கும் என்பது உண்மை. அதற்கு வேறு மாத்திரைக்கு மாற்றலாம். முடிக்கென்று எழுதப்படும் மினாக்சிடில் மாத்திரையே 1979இல் அமெரிக்காவில் பிரஷர் மருந்தாக அனுமதி பெற்றதுதான். தலையில் தடவும் நீர்மம் உடம்பில் கொஞ்சமாகத்தான் ஏறும். மாத்திரையாகச் சாப்பிட்டால் கால் வீங்கலாம், படபடப்பு வரலாம், ஏற்கெனவே ஓடும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து தலை சுற்றலாம். தோல் டாக்டரிடம் போகும்போதும் அந்த மாத்திரைப் பை கையில் இருக்கட்டும்.